குளிர் காணாத கோஸ்

போன புரட்டாசியில் அம்மிச்சியின் உள்ளங்கையில் கொஞ்சம் விதையைக் கொட்டிக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தவர், "கடுகுதானே கண்ணு?" என்றார். இல்லை, முட்டைகோஸ் விதை என்றதும் நம்பவில்லை. அஞ்சறைப்பெட்டியைத் திறந்து ஒரு சிட்டிகை கடுகை எடுத்து மறு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அதே உருண்டை, அதே கருஞ்சிவப்பு. எண்பது வருஷமாக விதை பார்த்த கண்ணுக்கே இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

அவர் தப்பாகச் சொல்லவில்லை. கடுகும் கோஸும் பங்காளிகள். அதைக் காட்டுவதற்காகவே இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் விதைத்தேன். நாலாம் நாள் இரண்டிலும் ஒரே மாதிரி முளை. இதயத்தை வரைந்து நடுவில் ஒரு சின்ன வெட்டு வைத்த மாதிரி இரண்டு வித்திலைகள். இந்தத் தொட்டியில் ஒன்று, அந்தத் தொட்டியில் ஒன்று கிள்ளி நசுக்கி மோந்து பார்த்தால் அதிலும் அதே காரநெடி. பத்தாம் நாள் முதல் உண்மையான இலை வந்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. கடுகின் இலை வெளிர்பச்சை, தடவினால் லேசாகச் சொரசொரக்கும். கோஸின் இலை வழவழப்பாக, மேலே நீறு பூசிய மாதிரி நீலம் கலந்த பச்சை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு ஓடிவிடும். நாற்பது நாளில் கடுகு நாலு இதழ் மஞ்சள் பூவோடு நிமிர்ந்து நின்றது. கோஸோ பூக்கிற நினைப்பே இல்லாமல் உள்நோக்கி மடங்க ஆரம்பித்திருந்தது.

எங்கள் வீடு கோவை வடவள்ளிப் பக்கம். பின்னால் ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகச் செம்மண் நிலம் இருக்கிறது. கத்தரி, வெண்டை, அவரை, ஒரு கறிவேப்பிலை மரம் என்று எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கோஸ் போடுகிறேன் என்று முதலில் சொன்னபோது பக்கத்து வீட்டு அண்ணன், "அது மலைக் காய்ங்க, கீழ வராதுங்க" என்றார். மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஊட்டி, கோத்தகிரியில் இருந்து மூட்டை மூட்டையாக இறங்குவதைப் பார்த்து வளர்ந்த ஊரில் அப்படிச் சொல்வது நியாயம்தான். அம்மிச்சி தலைமுறைக்கு இது இன்னும் 'இங்கிலீஷ் காய்'. கேரட், பீட்ரூட், நூல்கோல், கோஸ் எல்லாம் அந்தக் கணக்கு. திதி கொடுக்கும் நாளில் வீட்டுக்குள் வராது. அன்றைக்கு வாழைக்காய், அவரை, பூசணி மட்டும்தான்.

அந்தப் பெயருக்குக் காரணம் இருக்கிறது. 1819-ல் நீலகிரிக்கு ஏறிப்போன கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், அங்கேயே வீடு கட்டிக்கொண்டு தன் நாட்டுக் காய்களை நட்டுப் பார்த்தார். இன்று நாம் டிக்கெட் எடுத்துச் சுற்றிப் பார்க்கிற ஊட்டி தாவரவியல் பூங்காவே, அங்கே குடியிருந்த வெள்ளைக்காரர்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டு நடத்திய காய்கறித் தோட்டத்திலிருந்து வந்ததுதான். 1848-ல்தான் அது பூங்காவாக உருமாற ஆரம்பித்தது. ஐரோப்பியக் கடலோரப் பாறைகளில் காட்டுச்செடியாக வளர்ந்த ஒன்று, நம் ஊர் மலைக்கு வந்து நின்றது அப்படித்தான். அதன் கதையில் எனக்கு இன்னும் ஆச்சரியமானது வேறு. காலிஃப்ளவர், புரோக்கோலி, நூல்கோல், கேல் எல்லாமே அந்த ஒரே செடிதான். ஒரே இனம். இலை மொட்டு பெருத்த செடிகளையே பொறுக்கி விதை எடுத்தவர்கள் கையில் கோஸ் ஆனது. தண்டு பருத்ததைப் பொறுக்கியவர்களுக்கு நூல்கோல் ஆனது. பூங்கொத்தைப் பொறுக்கியவர்களுக்குக் காலிஃப்ளவர். விதையைப் பொறுக்கி எடுத்து வைக்கிற கை எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தெரியாது.

முதல் வருஷம் தை மாதம் விதைத்தேன். பொங்கல் முடிந்த உற்சாகம். நாற்று நன்றாகவே வந்தது, மாசியில் நட்டேன், பங்குனி வெயிலில் மாட்டிக்கொண்டது. செடி சாகவில்லை. முறம் முறமாக இலை விட்டது. தினம் காலையில் நடுக்குருத்தைப் பார்ப்பேன். மடங்குகிற மாதிரி இருக்கும், அடுத்த வாரம் விரிந்துவிடும். சித்திரை வரைக்கும் அப்படியே நின்று, கடைசியில் அசுவினிப் பூச்சி மொய்த்துப் போனது. கோஸ் உருண்டை கட்ட 15 முதல் 20 டிகிரி குளிர்ச்சிதான் அதற்குப் பிடித்தது. பங்குனிக் கோவையில் பகல் வெயில் 35-ஐத் தாண்டும். அதற்கு எரு போட்டும் பயனில்லை, தண்ணீர் விட்டும் பயனில்லை.

அன்றிலிருந்து நான் கணக்கைப் பின்னாலிருந்து போடுகிறேன். இந்த ஊரில் நல்ல குளிர் என்பது கார்த்திகை பிற்பாதியும் மார்கழியும் தை முற்பாதியும்தான். இரவில் 18, 19 டிகிரி. அந்த நாட்களில் செடி உருண்டை கட்டிக்கொண்டிருக்க வேண்டும். கோல்டன் ஏக்கர் என்ற ரகம் நட்டதிலிருந்து 60, 65 நாளில் வந்துவிடும். காய் சின்னது, ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ. வீட்டுக்கு அதுதான் அளவு. அப்படியானால் ஐப்பசி நடுவில் நட வேண்டும், அதற்கு 25 நாள் முன்னால், அதாவது புரட்டாசி மூன்றாம் வாரம் விதைக்க வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற ஊரில் கோஸுக்கு மட்டும் பட்டம் வேறு.

கோஸில் என் கவலையெல்லாம் அந்த 25 நாளில்தான். இரண்டாம் வருஷம் எனக்குக் கிடைத்த அடி அப்படி. ஐப்பசியில் பாத்தியிலேயே நேரடியாகத் தூவியிருந்தேன். அடர்த்தியாக, பச்சைக் கம்பளம் மாதிரி முளைத்தது. மூன்று நாள் அடைமழை. நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பாதி நாற்று படுத்துக் கிடந்தது. இலை வாடவில்லை, பச்சையாகத்தான் இருந்தது. குனிந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும் தண்டு ஈரநூல் மாதிரி சுருங்கிப் பழுப்பாகியிருந்தது. அதற்கு மேலே எல்லாம் உயிர், கீழே வேரும் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் அரை சென்டிமீட்டர் மட்டும் போய்விட்டது. நாற்றழுகல் என்பார்கள், மண்ணில் இருக்கிற பூஞ்சாண வேலை. சாயங்காலத்துக்குள் மீதியும் சாய்ந்தது. அன்றைக்கு நான் அழுததை வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

இப்போது பாத்தியில் தூவுவதில்லை. குழித்தட்டுதான். கழுவிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள், அழுகலைத் தடுக்கிற நல்ல பூஞ்சாணமான டிரைக்கோடெர்மா விரிடி கொஞ்சம். இதைக் கலந்து ஈரச்சாக்கில் மூடி ஒரு வாரம் நிழலில் வைத்துவிடுவேன். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வரக்கூடாது. குழிக்கு ஒரு விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழம், அதற்கு மேல் போனால் முளை திணறும். ஒரு கிராமில் ஏறக்குறைய 300 விதை இருக்கும். எனக்கு வேண்டியது 24 செடி, விதைப்பது 36 குழி. பாக்கெட்டில் மீதி இருப்பதை ஈரம் படாமல் வைத்தால் மூன்று நாலு வருஷம் முளைக்கும்.

முளை தலைகாட்டும் வரை தட்டை மூடி வைக்கலாம். தலைகாட்டிய அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால்கூடத் தண்டு வெளிச்சம் தேடி நீண்டு, வெளுத்து, பிறகு எத்தனை கவனித்தாலும் அந்த நாற்று நோஞ்சான்தான். தண்ணீர் காலையில் ஒரு தடவை, பூவாளியில். சாயங்காலம் ஊற்றுவதில்லை, ராத்திரி ஈரத்தோடு படுக்க வைத்தால் மறுபடி அழுகல் வரும். மழை வந்தால் தட்டை எடுத்துத் திண்ணையில் வைக்க வேண்டும், விட்டதும் திரும்ப வெளியே வைக்க வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் ஒரு நாளில் நாலு தடவை நடக்கிற வேலை இது. அலுவலகம் போய்விட்டால் அம்மிச்சிதான் தூக்கி வைப்பார். "நாத்து தேறிட்டா பாதி வெள்ளாமை முடிஞ்ச மாதிரி கண்ணு" என்பார். கோஸ் விதை தெரியாவிட்டாலும் நாற்று என்பது அவருக்குத் தெரியும்.

நடுவதற்கு ஐந்தாறு நாள் முன்னால் தண்ணீரைக் குறைத்து முழு வெயிலில் விடுவேன். தண்டு லேசாக ஊதா நிறம் ஏறி உறுதிப்படும். நாலைந்து இலை வந்த நாற்றை, வெயில் தாழ்ந்த பிறகு ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட வேண்டும். வித்திலை வரைக்கும் மண் வரலாம், குருத்தில் ஒரு துளி மண்கூடப் படக்கூடாது. மூன்றாம் வருஷம் ஐந்தாறு செடிகள் ஆளுயர ஆசையோடு இலை விட்டும் நடுவில் வெறுமையாக நின்றன. உற்றுப் பார்த்த பிறகுதான் குருத்தே இல்லை என்று தெரிந்தது. சின்ன வயதிலேயே புழு தின்றதோ, நான் நடும்போது மண் போட்டு மூடினேனோ. குருத்துப் போன கோஸ் செடி எத்தனை நாள் காத்திருந்தாலும் உருண்டை கட்டாது. ஏனென்றால் அந்த உருண்டையே குருத்துதான். நாம் காய் என்று சொல்லிச் சாப்பிடுவது விரியாமல் நின்றுபோன ஒரு பெரிய மொட்டு.

அந்த மொட்டு மூடுகிற நாளை நான் வருஷா வருஷம் காத்திருந்து பார்க்கிறேன். பத்துப் பன்னிரண்டு இலை வரைக்கும் செடி கை விரித்து நிற்கும். பிறகு ஒரு காலையில் நடு இலை ஒன்று நிமிராமல், ஓரம் உள்ளே சுருண்டு, கைக்குழந்தையின் மூடிய விரல் மாதிரி நிற்கும். அடுத்த இலை அதன் மேல் படியும். அதற்கப்புறம் உள்ளேயிருந்து இலை வந்துகொண்டே இருக்கும், வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நெருக்கிக்கொண்டு அடுக்கும். விரிந்து கிடக்கும் வெளி இலைகள்தான் இதற்கெல்லாம் சோறு போடுகின்றன. பார்க்க ஓட்டை உடைசலாக இருக்கிறது என்று அதைக் கிள்ளி எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். பழுத்ததை மட்டும் எடுங்கள், மற்றதைத் தொடாதீர்கள்.

ஓட்டை என்றதும் புழுவைச் சொல்லியாக வேண்டும். கோஸ் போடுகிற எவரையும் அது விட்டதில்லை. வைரமுதுகு அந்துப்பூச்சி என்று பெயர். சாம்பல் நிறச் சின்ன அந்து, இறக்கையை மடக்கி உட்கார்ந்தால் முதுகில் வெளிறிய வைரக்கட்டங்கள் தெரியும். அதன் புழு வளர்ந்தாலும் ஒரு சென்டிமீட்டர் அளவுதான், இலை நிறத்திலேயே இருக்கும். இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்று மேல்தோலை மட்டும் கண்ணாடித்தாள் மாதிரி விட்டுவைக்கும். வெயிலுக்கு எதிரே இலையைப் பிடித்தால் சின்னச் சின்ன ஜன்னல்கள். தொட்டால் துள்ளிப் பின்னோக்கி நெளிந்து, ஒரு நூலை விட்டுத் தொங்கிக்கொள்ளும். தொங்கவிட்டு நாம் திரும்பினால் நூலைப் பிடித்து ஏறிவிடும்.

இந்தப் பூச்சியைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. டிடிடி மருந்துக்கு முதன்முதலில் வயலில் பழகிப்போன பயிர்ப்பூச்சி இதுதான், 1951-ல் ஜாவாவில். பின்னால் பிடி என்கிற பாக்டீரியா மருந்துக்கும் வயலில் முதலில் தாக்குப்பிடித்தது இதுவே. மருந்தை மாற்ற மாற்ற இதுவும் மாறிக்கொண்டது. கோஸ் வயலில் விவசாயி ஏன் திரும்பத் திரும்பத் தெளிக்கிறார் என்று குறை சொல்வதற்கு முன், அவர் எதை எதிர்த்து நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். 24 செடி வைத்திருக்கும் எனக்கு டார்ச்சும் இரண்டு விரலும் போதும். இரண்டு ஏக்கர் போட்டவருக்குப் போதாது.

நான் செய்வது இதுதான். கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்னால் பாத்தியைச் சுற்றி ஒரு வரி கடுகு தூவிவிடுவேன், சமையலறைக் கடுகேதான். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கோஸ் வயலுக்குப் பரிந்துரைத்த முறை இது, நான் வீட்டளவுக்குச் சுருக்கிக்கொண்டேன். அந்துக்கும் அசுவினிக்கும் கோஸைவிடக் கடுகின் மேல் பிரியம் அதிகம். அந்து அங்கே போய் முட்டை வைக்கும், அசுவினியும் அங்கேயே மொய்க்கும். கடுகில் புழு ஏறியதும் வேப்பங்கொட்டைக் கரைசலை அதன் மேல் அடிப்பேன், கோஸுக்கும் வாரம் ஒரு தடவை. 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்துத் துணியில் கட்டி ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊற வைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைக்க வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் அந்த மெழுகு இலையில் மருந்து ஒட்டாது, உருண்டு மண்ணுக்குப் போய்விடும். இலையடியில் அரிசி மணியைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் பஞ்சுக்கூடு தெரிந்தால் அதை நசுக்க மாட்டேன். புழுவைத் தின்று வளர்ந்த ஒரு சின்னக் குளவியின் கூடு அது. ராத்திரி சாப்பாடு முடிந்து டார்ச்சோடு ஒரு சுற்று. மார்கழிப் பனியில், தூரத்தில் மருதமலை விளக்கு தெரிய, இலை இலையாகத் திருப்பிப் பார்க்கிற அந்த அரைமணி நேரத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மற்றதெல்லாம் சுலபம். தொழுவுரம் அடியில் தாராளமாக, நட்ட மூன்றாம் வாரம் ஒரு தடவை மண் அணைப்பு, மேலே கரும்புச் சோகை மூடாக்கு. தண்ணீர் சீராக இருக்க வேண்டும். நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் நிறைய ஊற்றினால் கட்டின உருண்டை பிளந்துவிடும். கை வைத்து அழுத்தினால் கல் மாதிரி இருந்தால் அறுக்கலாம். இரண்டு மூன்று ஒரே நேரத்தில் தயாராகிவிட்டால், உடனே வேண்டாததை இரண்டு கையாலும் பிடித்து லேசாகக் கால் திருகு திருகிவிடுவேன். பக்க வேர் கொஞ்சம் அறுபட்டு, செடி தண்ணீர் இழுப்பது குறையும், பிளக்காமல் இன்னும் ஒரு வாரம் நிற்கும். அறுத்த பிறகு அடிக்கட்டையைப் பிடுங்க வேண்டாம், மூன்று நாலு வாரத்தில் அதைச் சுற்றி எலுமிச்சை அளவில் குட்டிக் கோஸ்கள் கட்டும்.

இந்தத் தைப்பொங்கலுக்கு மறுநாள் அறுத்த முதல் கோஸ் ஒரு கிலோ இருநூறு கிராம். கத்தி வைத்ததும் நறுக்கென்று சத்தம், வெட்டுவாயில் உடனே தண்ணீர் முத்து. பச்சையாக ஒரு துண்டு வாயில் போட்டால் முதலில் இனிப்பு, கடைசியில் லேசான கடுகுக் காரம். கடையில் வாங்குவதில் அந்தக் கடைசிக் காரம் எனக்குத் தட்டுப்பட்டதே இல்லை. அம்மிச்சிதான் பொரியல் செய்தார். கடுகு வெடித்ததும் உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை, பிறகு கோஸ். தண்ணீர் ஊற்றவில்லை, மூடவில்லை, ஏழெட்டு நிமிஷம், தேங்காய்ப்பூ தூவி இறக்கினார். கோஸ் நாறும் என்று ஒதுக்குகிறவர்கள் ரொம்ப நேரம் வேக வைத்துச் சாப்பிட்டவர்கள். கந்தக வாடை கிளம்புவது அதிக வேக்காட்டில்தான்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார். "வெதைக்கு எத்தனை விட்டிருக்கே கண்ணு?"

எங்கள் வீட்டில் எதை விதைத்தாலும் அந்தக் கேள்வி வரும். அவரைக்கும் பூசணிக்கும் பாகலுக்கும் முதல் நல்ல காய் விதைக்குத்தான். சாம்பலில் புரட்டி, துணியில் முடிந்து, ஒரு பழைய தகர டப்பாவில் வைத்திருப்பார். சில அவரை விதைகள் அவர் கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்ததன் வழி. கோஸில் விதை எடுக்க முடியாது என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. "பூக்காத செடி உண்டா?"

உண்டுதான், இந்த ஊரில். கோஸ் இரண்டு வருஷச் செடி. முதல் வருஷம் இலை மூட்டை கட்டும். பிறகு பத்து டிகிரிக்குக் கீழே பல வாரம் குளிரில் நிற்க வேண்டும். அந்தக் குளிர் உள்ளே இறங்கினால்தான் குருத்து பூந்தண்டாக மாறும். விதையையோ சின்ன நாற்றையோ ஃபிரிட்ஜில் வைத்து அதை ஏமாற்ற முடியாது, தண்டு பருத்த செடிக்குத்தான் குளிர் உறைக்கும். அதனால்தான் இமாச்சலத்தில் குலு பள்ளத்தாக்கு மாதிரி இடங்களில் விதை எடுக்கிறார்கள். அங்கே கட்ராயினில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் காய்கறி நிலையமே இருக்கிறது. பனிக்காலம் முழுக்கக் கோஸைக் காப்பாற்றி வைத்து, வசந்தத்தில் உருண்டையின் உச்சியில் கத்தியால் கூட்டல் குறி போல் கீறிவிடுவார்கள். அந்தக் கீறல் வழியாகத் தண்டு ஆளுயரத்துக்கு எழுந்து பூக்கும். அதுவும் தன் மகரந்தம் தனக்கு ஒத்துக்கொள்ளாது, பல செடி சேர்ந்து நிற்க வேண்டும், தேனீ வேண்டும், சுற்றுவட்டாரத்தில் காலிஃப்ளவரோ நூல்கோலோ பூத்து நிற்கக்கூடாது.

இத்தனையும் சொன்ன பிறகும், அவருக்காக ஒரு செடியை அறுக்காமல் விட்டேன். மாசி முழுக்கத் தினம் காலையில் கம்பை ஊன்றிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவார். தண்ணீரும் அவரே ஊற்றினார். பங்குனி பிறந்த வாரம் உச்சியில் விரிசல் விட்டது. பூந்தண்டு வரப்போகிறது என்று கூப்பிட்டார். நானும் ஓடினேன். இரண்டு நாளில் விரிசல் அகலமாகி, உள்ளே வெள்ளை இலை தெரிந்தது, அவ்வளவுதான். வெயிலில் அதன் ஓரம் பழுப்பேற ஆரம்பித்தது.

அறுத்துத் திண்ணைக்குக் கொண்டுவந்தேன். அம்மிச்சி கத்தி வாங்கவில்லை. ஒவ்வொரு இலையாக விரலால் பிரித்து எடுத்துப் பக்கத்தில் அடுக்கினார். வெளியே பச்சை, அப்புறம் மஞ்சள், அப்புறம் வெள்ளை. கடைசியில் அவர் விரல் நுனியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு குருத்து மிஞ்சியது. அதற்குள்ளும் மடிந்த இலைதான், பூமொட்டு இல்லை.

"இன்னும் தூங்குது" என்றார். பிறகு, "அந்த ஊரு எவ்வளவு தூரம்?"

"ரெண்டு நாள் ரயில்ல டெல்லி போகணும் அம்மிச்சி. அப்புறம் ஒரு ராத்திரி பஸ்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிரித்த இலைகளைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். நான் திரும்பி வந்தபோது தகர டப்பா திறந்திருந்தது. அவரை முடிச்சுக்கும் பூசணி முடிச்சுக்கும் நடுவில், நான் மேசையில் போட்டு வைத்திருந்த கோஸ் விதைப் பாக்கெட்டை இரண்டாக மடித்து, நூல் சுற்றி, உள்ளே வைத்துக்கொண்டிருந்தார்.